மாவிலைக்கு வந்த கண்டம்

காரைக்குடியில் அந்த மாதம் கையில் இலை முடிச்சு இல்லாமல் தெருவில் நடந்தவர்களைப் பார்ப்பதே அரிது. ரோஜா ஏன் மொட்டோடு கருகுகிறது, கறிவேப்பிலை ஏன் சுருளுகிறது, எலுமிச்சை ஏன் மஞ்சளடிக்கிறது என்று மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஊர், இப்போது ஒரே கேள்விதான் கேட்டது: "சாமி எப்ப வாராக?"

சாமி என்றால் ஸ்ரீலஸ்ரீ தளிரானந்தா. கொஞ்ச காலம் முன்புவரை கல்லலில் எரிந்த தண்ணி மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்த சிவபிரகாஷ்தான் அவர். மோட்டார் மறுபடி எரிந்தால் சட்டையைப் பிடிப்பார்கள். மரத்தில் அந்த வம்பே இல்லை. பிழைத்தால் சாமியின் அருள், பட்டுப்போனால் வீட்டுக்காரரின் கர்மவினை. இவ்வளவு பாதுகாப்பான தொழில் வேறு எங்கே கிடைக்கும்?

கல்யாண மண்டபத்தில் முகாம். இலையை மஞ்சள் துணியில் முடிந்துதான் கொண்டுவர வேண்டும். சாமி அவிழ்க்கமாட்டார். முடிச்சை நெற்றியில் ஒற்றிக் கண்ணை மூடுவார். "கண்ணால் பார்ப்பவன் தோட்டக்காரன், நாடியால் பார்ப்பவன் ஞானி" என்று வாசலில் ஃப்ளெக்ஸ் வேறு. ஓட்டை விழுந்த கத்தரி இலைக்குச் செய்வினை என்றார். தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்த பச்சைப்புழுவுக்கு இவ்வளவு பெரிய பட்டம் வந்த விஷயமே தெரியாது. பங்குனியில் இலை உதிர்த்த வேம்புக்குத் துறவு யோகம் என்றார். எல்லாவற்றுக்கும் பரிகாரம் ஒரே பொட்டலம்தான், குங்குமம் கலந்த மண்புழு உரம்.

சாலா ஆச்சிக்கு மட்டும் பொட்டலத்தோடு முடியவில்லை. மகள் பிறந்த வருஷம் கொல்லையில் நட்ட மாமரம், பொங்கலுக்குப் பிறகு இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோய் நின்றது. ஆச்சி ஒரு முடிச்சோடு முகாமுக்குப் போனார். சாமி நெற்றியில் ஒற்றிக்கொண்டு அலறினார்: "மாமரம்! கிழக்கிலிருந்து ஒரு பெண்ணின் கண்!"

கிழக்கு வீட்டில் இருப்பது ஷரபுன்னிசா. அவளும் மாடி முழுக்கத் தொட்டி வைத்திருப்பவள். வருஷா வருஷம் ஆச்சி வீட்டு முதல் காயெல்லாம் அவள் கைக்குத்தான் போகும், ஊறுகாயாகத் திரும்பி வரும். அவள் அடிக்கடி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆச்சி, இலை ஓரம் கருகுது, தண்ணியைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் உண்மை. மரத்தைப் பார்த்தாள் அல்லவா? போதாதா? அவள் பார்த்ததெல்லாம் சாட்சியானது. ஆச்சி சுவர்மேல் தகரம் அடித்தார். நோன்பு மாதத்தில் ஷரபு அனுப்பிய கஞ்சித் தூக்கு, திறக்காமலே திரும்பிப் போனது. தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டு ஷரபு நின்ற நிலை ஆச்சிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சாமி வாக்கு.

மரம் இன்னும் கருகியது. சாமி அடுத்த வாக்கும் கொடுத்துவிட்டார்: வெட்டி விடு. பிஞ்சு பிடித்து நிற்கிற மரத்தை வெட்ட மறுநாள் காலை ஆள் வரவேண்டியது. நல்ல நேரம் குறித்துக்கொள்ள ஆச்சி முகாமுக்குப் போய் வரிசையில் நின்றார்.

அவருக்கு நேர் முன்னால் ஷரபுன்னிசா. கையில் மஞ்சள் முடிச்சு.

டோக்கன் கொடுக்கும் சீடன் ரொம்ப அன்பானவன். வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, மோர் கொடுத்து, குடும்பத்தையே விசாரிப்பான்.

"எந்த ஊரு அக்கா? என்ன மரம்? பக்கத்து வீட்டுல யாரு, நல்லாப் பழகுவாகளா?"

"நேமத்தான்பட்டி தம்பி. மாமரம். மேற்குப் பக்கம் நாத்தனா வீடு. அவளுக்கு என்னையக் கண்டாலே ஆகாது" என்றாள் ஷரபு.

ஆச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேமத்தான்பட்டியாம்! இவளுக்கு ஏது நாத்தனார்? சாமியிடமே பொய் சொல்கிறாளே, நாக்கு அழுகாதா? சாமி இப்போது நாடி பிடித்து இவளைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார் என்று ஆச்சி ஆவலோடு முன்னால் நகர்ந்தார்.

சாமி முடிச்சை நெற்றியில் ஒற்றினார்.

"நேமத்தான்பட்டி மண்வாசம் வருகிறது... மாமரம்! மேற்கே உறவுக்காரி. கணவனோடு பிறந்தவள்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆச்சியின் கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. தன்னிடமும் அந்தச் சீடன் மோர் கொடுத்தானே. "கிழக்கு வீட்டுக்காரி எட்டி எட்டிப் பார்ப்பா" என்று தான்தானே அவனிடம் சொன்னோம்?

"மரம் உசுரோட இருக்கா சாமி?" ஷரபு பயந்தவள்போலக் கேட்டாள்.

"ஊசலாடுகிறது. இரவெல்லாம் அழுகிறது. அமாவாசைக்குள் பரிகாரம் செய்யாவிட்டால் பட்டுப்போகும்."

"பட்டுப்போகாது சாமி. நான் நேத்துத்தான் சோப்புப் போட்டுக் கழுவுனேன்."

முடிச்சை வாங்கி அவிழ்த்து எல்லாருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள். பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மாவிலை. காம்பில் கம்பிகூட இருந்தது.

ஆச்சிக்கு அந்த இலையை நன்றாகத் தெரியும். பொங்கலுக்கு வாங்கித் தன் வீட்டு நிலைவாசலில் மாட்டிய தோரணத்தில் ஒன்று, காற்றில் அறுந்து தெருவில் விழுந்திருக்கிறது. கொல்லையில் மாமரம், வாசலில் பிளாஸ்டிக் மாவிலை. எவ்வளவு லட்சணமான குடும்பம்!

"எனக்கு நாத்தனாவும் இல்ல, நேமத்தான்பட்டில வீடும் இல்ல. அந்தத் தம்பிட்டச் சொன்ன பொய்யி எப்படி இவுக நாடிக்கு வந்துச்சு?"

சாமி அசரவில்லை. "பிளாஸ்டிக்குக்கும் ஆத்மா உண்டு தாயே!"

"அடேயப்பா, பிளாஸ்டிக்கே பேசுதுன்னா எம்புட்டுப் பெரிய மகான்!" என்று ஒருவர் உருகிக் கும்பிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நம் ஆட்களின் பக்திக்கு எல்லையே கிடையாது.

சாலா ஆச்சி மேடையேறினார். ஆசீர்வாதத்துக்குத்தான் வருகிறார் என்று சாமி கையை உயர்த்தினார். ஆச்சி சாமியின் சடைமுடியைப் பிடித்து இழுத்தார். சடை கையோடு வந்தது. காதுக்குள் குட்டியாக ஒரு கருவி. வாசலில் சீடன் தன் சட்டைக் காலரில் வாயை வைத்து, "அண்ணே, பின்வாசல், பின்வாசல்!" என்று அலறிக்கொண்டிருந்தான்.

"இதுதான் நாடியா?" என்று கேட்டார் ஆச்சி. பதில் சொல்ல சாமி அங்கே இல்லை.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஷரபு நேரே ஆச்சி வீட்டுக் கொல்லைக்குப் போனாள். மாமரத்தடியில் ஒரு ட்யூப் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்கேருந்து வருது ஆச்சி?"

"பொங்கலுக்கு வாங்குன ஆர்ஓ மிஷினுலேருந்து. கழிவுத் தண்ணி வீணாப் போகுதேன்னு நாந்தேன் மரத்துக்குத் திருப்பி விட்டேன்."

"நாம குடிக்கக்கூடாதுன்னு பிரிச்ச உப்பையெல்லாம் இதுக்கு ஊத்துனா இது என்னத்துக்கு ஆகும்? இதைச் சொல்லத்தானே நான் எட்டி எட்டிப் பார்த்தேன்."

ஆச்சி ட்யூபைப் பிடுங்கிச் சாக்கடைப் பக்கம் விட்டார். மரம் வெட்டும் ஆளுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார். பிறகு சுவரில் இருந்த தகரத்தைப் பார்த்து, "காலைல அந்த ஆளு இதைப் பிரிக்க மட்டும் வரட்டுமா?" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கஞ்சி இருக்கா ஷரபு?" என்றார்.

"நோன்பு முடிஞ்சிருச்சே ஆச்சி. உங்களுக்காக இன்னைக்கிக் காய்ச்சுறேன், வாங்க."

அன்று மாலை மாடித்தோட்டக் குழுவில் ஒரு கேள்வி வந்தது: "பிளாஸ்டிக் இலைக்கும் பார்க்குற சாமியாமே, நம்பர் யார்ட்டயாச்சும் இருக்கா?" ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்பினார்:

"பிளாஸ்டிக் இலை கருகாது, பூச்சி அரிக்காது, ஒருநாளும் காய்க்கவும் செய்யாது. யோசிக்காத தலையும் அப்படித்தான். முதல்ல அது உங்க கழுத்துமேல இருக்கான்னு தொட்டுப் பாருங்க."