எட்டு வருஷத்துத் தேங்காய்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

வல்லத்தில் சகல சௌபாக்கியங்களோடும் வாழ்ந்துவரும் என் அக்காள் மகள் ரஞ்சிதத்துக்கு, மூன்று மலைக்கோட்டைக்கும் கீழே குடியிருந்துகொண்டு அவற்றுக்கு மேலே பேசுகிற உன் தாய்மாமன் தனகோட்டி எழுதுவது. இங்கு நானும் என் முழங்கால் வலியும் சுகம். அங்கு மாப்பிள்ளையும் கறவை மாடும் சுகமாக இருக்க வேண்டும்.

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் என் குரலை நீ பிடித்துவிடுவாய். காகிதத்துக்குக் குரல் கிடையாது.

அந்தமானிலிருந்து போன் வந்த கதைதான் உனக்குத் தெரியுமே. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார், பேச்சு நின்றுவிட்டது, ஊர் பேர் தெரியாது, கையில் ஒரு மஞ்சள் பை, அதில் ‘ரஞ்சிதம் – அன்புமணி திருமணம், செஞ்சி’ என்றும் என் நம்பரும் இருக்கிறது என்று ஒரு தமிழ் நர்ஸம்மா சொன்னாள். உன் கல்யாணத் தாம்பூலப் பையில் மாப்பிள்ளை பேரைவிடப் பெரிய எழுத்தில் ‘தாய்மாமன் தனகோட்டி’ என்று போட்டு செல் நம்பரும் அடித்ததற்கு ஊரே சிரித்ததே, பார்த்தாயா, கடல் தாண்டி வேலை செய்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் யூரியா வாங்கி வருகிறேன் என்று பஸ் ஏறிய உன்னைப் பெற்ற நைனா எழிலரசனாகத்தான் இருக்கும் என்றேன். அதற்கு நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்குது: “என் கல்யாணத்துக்கே வராத ஆளு மாமா. இருந்தா இன்னா, செத்தா இன்னா? நீ போறதுன்னா போ. அந்தாளு பொருள் ஒண்ணும் என் வூட்டுக்குக் கொண்டாராத.”

போனேன். ஏர்போர்ட்டில் என் வறுத்த மல்லாட்டை மூட்டையைப் பிரித்து, வேர்க்கடலையா வெடிமருந்தா என்று ஆபீசர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி தின்று பார்த்ததில் பிளேன் நாற்பது நிமிஷம் லேட்டு. கடைசியில் பைலட்டே இறங்கிவந்து தனக்கும் கொஞ்சம் கேட்டார். துறைமுகத்தில் நிற்கிற கிரேன் நம் ராஜகிரி மலையைத் தூக்கிப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மலை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும். ஒவ்வொரு கப்பலிலும் வல்லத்தையும் அனந்தபுரத்தையும் ஏற்றலாம், நெருக்கி உட்கார்ந்தால் சிங்கவரத்துக்கும் இடம் இருக்குது. ஆஸ்பத்திரியில் கட்டில் காலி. அந்த நர்ஸம்மா, “நேத்தே வந்திருக்கக் கூடாதாய்யா?” என்றாள். உன் நைனா எழுந்து தன் படகைப் பார்க்கப் போய்விட்டாராம். நானும் ஒரு படகு பிடித்தேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்கிற காடு அது, வேரெல்லாம் வெளியே, மரங்கள் எங்கேயோ நடந்துபோகப் புறப்பட்டு வழியில் மனசு மாறி நின்றுவிட்டமாதிரி. திண்டிவனம் பஸ் நீளத்துக்கு ஒரு முதலை வாயைத் திறந்தது. எழிலரசன் மச்சினன் என்றேன், மரியாதையாக மூடிக்கொண்டது. அதற்கப்பால் பூமி குழம்பு மாதிரி சேற்றைக் கக்குகிற ஒரு குழி. அங்கே விசாரித்தால், அவர் தலையசைக்காமல் அந்தத் துறைமுகத்தில் கப்பலே நகராது, நேற்றுத்தான் ஒரு கேப்டன் கெஞ்சிக் கூத்தாடி அவரை வேறு தேசத்துக்குக் கூட்டிப்போனான் என்கிறார்கள். திரும்புவதாக இல்லையாம். பையை மட்டும் எனக்கென்று விட்டுப்போயிருந்தார். உள்ளே உன் கல்யாணத் தேங்காய், உடைக்காமல், எட்டு வருஷமாக. குலுக்கினால் கடகடவென்று பேசுகிறது. நான் கடலில் மூன்று முழுக்குப் போட்டு, மொட்டையும் அடித்துக்கொண்டு வந்தேன். அங்கே வெயில் அப்படி.

மாப்பிள்ளைக்கு என் வந்தனம். மலைமேல் கோட்டை எத்தனை நாள் நிற்குமோ அத்தனை நாள் உன் மஞ்சளும் குங்குமமும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
தனகோட்டி.

பி.கு.: மேலே இருப்பதை அடித்துவிட்டுப் படி. முதலையும் இல்லை, கேப்டனும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நான் பார்த்த அந்தமான். உன் நைனா நான் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின நாளே போய்விட்டார். இடது காதில் மாடு குத்திய தழும்பு இருந்தது, அவரேதான். கொள்ளி வைத்தது நான். மொட்டைக்கு வெயில் காரணமில்லை. உங்கம்மாவிடம் திருப்பதி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், மொட்டையும் அதற்குப் பொருந்திவிட்டது. இதோ எதிரில் நெற்றி நிறையப் பொட்டோடு உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள், லட்டு எங்கே என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். தனியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லெட்டர் கிடைத்ததும் அடுத்த பஸ்ஸில் வா.

இத்தனையிலும் ஒரு சின்ன விஷயம் நிஜம். அந்தத் தேங்காய். அந்தப் பை எந்தக் கடையிலும் கிடைக்காது, ரஞ்சிதம். பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மண்டப வாசலில் கொடுத்தது. கொடுத்துக்கொண்டு நின்றவன் நான். என் பேர் மேலே தெரிகிறமாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கொடுத்தேனே தவிர, வாங்கிய முகம் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.