பச்சை குத்திய கையும் பிளாஸ்திரி பாயும்

உத்திரமேரூர் பஜாரில் பிளாஸ்திரி பாயின் கை படாத தோல் என்று ஒன்று இருந்திருந்தால், அது செருப்புக் கடையில் தொங்கிய தோலாகத்தான் இருக்கும். அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. வார் அறுந்து வந்தவர்களுக்கும் அவர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவருடைய மருந்துக் கடை. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும்; எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஜுரம், வயிற்று வலி என்று யாராவது வந்தால் எதிர்க் கடைக்குக் கை காட்டிவிடுவார். உடம்புக்கு உள்ளே நடக்கிற விவகாரத்தில் அவர் தலையிட மாட்டாராம், தோலோடு சரியாம். ஆனால் கதிர் அறுக்கப் போய் விரலை அறுத்துக்கொண்டவர் வந்து நின்றால், பாயின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். அரிவாள் எந்தப் பக்கமிருந்து வந்தது, அந்த நேரத்தில் யாரைத் திட்டிக்கொண்டிருந்தீர் என்றெல்லாம் விசாரித்து, கழுவி, துடைத்து, ஒட்டி, கடைசியில் பிளாஸ்திரியின் மேலேயே பேனாவால் ‘வியாழன் வரை’ என்று எழுதிவிடுவார். அதற்கு முன்னால் பிரிக்கக் கூடாது.

ஒருவர் பிரித்தார். சாலவாக்கம் டவுன் பஸ்ஸின் டிரைவர். பஸ் கிளம்பி பஜாரைத் தாண்டும்போது ஸ்டீயரிங் மேல் இருந்த வெறும் கட்டை விரலைப் பாய் பார்த்துவிட்டார். நடு ரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார்.

“இன்னிக்கு செவ்வாய். வியாயன்னு எய்தி வுட்டேன். யாரைக் கேட்டுப் பிரிச்ச?”

பத்து நிமிஷம் கழித்து, டிரைவருக்கு மறுபடி ஒட்டிய பிறகுதான் பஸ் நகர்ந்தது. உள்ளே இருந்த பயணிகளில் பாதிப் பேர் தங்கள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவரின் பக்கத்துக் கடையில் நான் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்குச் சாலவாக்கத்துப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் வளர்மதி. பகலெல்லாம் அடுத்தவர் எழுத்தைப் பிரதி எடுக்கிறவனுக்குத் தன் மேலேயே ஒன்று அச்சடித்துக்கொள்ள ஆசை வராதா? ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை யாருக்கும் சொல்லாமல் காஞ்சிபுரம் போய், வலது முழங்கைக்குக் கீழே மெஷினில் அந்தப் பெயரைப் பச்சை குத்திக்கொண்டேன். தாலி கட்டும்போது அவள் பார்த்து அசந்து போக வேண்டும் என்பது திட்டம்.

குத்தியவர் கையை ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, புண் ஆறும்வரை மூன்று பொருளைக் கிட்டே சேர்க்காதே என்றார். மஞ்சள், எண்ணெய், தேங்கிய தண்ணீர். சரி சார் என்று பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. மறுநாள் காலை எனக்கு நலங்கு ஆரம்பம். நலங்கு என்றால் முதலில் எண்ணெய், பிறகு மஞ்சள், பிறகு அண்டா அண்டாவாகத் தண்ணீர். அம்மா மஞ்சளை அரைத்து வைத்தாகிவிட்டது. அத்தைமார் மூன்று பேர் பெட்டியோடு வந்திறங்கியாகிவிட்டது.

நேராகப் பாயிடம் ஓடினேன். கையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். ஷோகேஸில், அத்தர் புட்டிகளுக்கு நடுவே, அவர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு சுருள் இரண்டு வருஷமாக இருந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும், ஒட்டினால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி. மாட்டு வண்டியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து வந்தவருக்குக்கூட அதைக் கொடுக்காதவர். அந்தக் காயத்துக்கு அது ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார். எனக்காகச் சுருளை எடுத்தார்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, பெயரைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு அங்குலம் விட்டு ஒட்டினார். ‘சனி வரை’ என்று ஓரத்தில் எழுதினார். “கொளத்துல முங்காத. மேல ஊத்தினா ஒண்ணும் ஆவாது. நகத்த வெச்சியோ, கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்.”

செவ்வாய் நலங்கு அமர்க்களமாகப் போயிற்று. கையில் என்ன என்று கேட்ட அத்தைகளிடம் ஜெராக்ஸ் மெஷின் சுட்டுவிட்டது என்றேன். நம்பினார்கள். அந்த மெஷினைப் பார்த்தவர்கள் எதையும் நம்புவார்கள்.

புதன் காலையில் கையைப் பார்த்தேன். பெயரைக் காணோம். பிளாஸ்திரிக்கு அடியில் கறுப்பாக ஏதோ தேங்கி, மைப் புட்டியை உடைத்து ஊற்றிய மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டினால் ஆடியது. எனக்கு இரண்டு முடிவுகள் ஒரே சமயத்தில் தோன்றின. ஒன்று, கை அழுகிவிட்டது. இன்னொன்று, வளர்மதி கரைந்துவிட்டாள்.

பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுருளோடு வந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். தோல் சிவந்து பரவுகிறதா, சுடுகிறதா, ஜுரம் இருக்கிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை.

“புண்ணு தண்ணி வுட்டுக்கினு கீது. மேல கீற மிச்ச மை அதுல கலந்துகினு வருது. பேரு கீய தோல்ல பத்திரமா கீது. போய் வேலையப் பாரு.”

போனேன். நம்பத்தான் முடியவில்லை. கையைத் தொங்கப் போட்டால் எழுத்தெல்லாம் சரிந்து மணிக்கட்டில் போய்க் குவிந்துவிடும் என்று என் புத்தி சொன்னது. அன்று முழுக்க வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே நடந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரன் இப்படி நடந்தால் என்ன ஆகும்? இரண்டு டவுன் பஸ் எனக்காக நின்றன. ஒரு கண்டக்டர், ஏறப் போகிறாயா, மூட்டை ஏதாவது உண்டா என்று பொறுமையாக விசாரித்தார். சாயந்திரம் ஆசை தாங்காமல், பெயர் இருக்கிறதா என்று பார்க்க, நகத்தால் ஒரு மூலையை லேசாக நெம்பினேன். லேசாகத்தான். ஒன்றும் தெரியவில்லை, அமுக்கி மூடிவிட்டேன்.

வியாழன் காலை, மணையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பெல்லாம் மஞ்சள். கையில், பிளாஸ்திரிக்கு அடியில், அந்தக் கறுப்புப் புடைப்பு. அந்த நேரம் பார்த்து, மண்டபத்துக்கு எத்தனை வேன் வரும் என்று பேச மொபெட்டில் வந்து இறங்கினார் என் வருங்கால மாமனார். காவாந்தண்டலம் வரை நிலம் வைத்திருக்கிற மனிதர். பயிரில் ஒரு புள்ளி இருந்தாலும் வரப்பிலிருந்தே கண்டுபிடிப்பார்.

“இன்னா மாப்ள அது?”

மூளை மறுத்துவிட்டதால் வாயே பதில் சொன்னது. “கொசு கடிச்சிச்சி மாமா.”

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வேன் பேச்சை விட்டுவிட்டு, அம்மாவைத் தனியாகக்கூட அழைக்காமல், எல்லோர் முன்னிலும் மெதுவாகக் கேட்டார். “சம்பந்திம்மா, உங்க புள்ளைக்கு எதுனா வியாதி கீதா? இப்பவே சொல்லிடுங்க. பொண்ணக் குடுக்கறவன், கேக்கத்தான் செய்வேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தைகள் மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். பத்திரிகை கொடுத்து முடித்த கல்யாணம் என் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை குத்தினேன் என்று சொல்லலாம். ஆனால் காட்டுவதற்குப் பெயர் அங்கே இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. ஆளை அனுப்பிப் பாயை வரவழைத்தேன்.

பாய் வந்ததும் முதலில் சொன்னது, சனிக்கிழமைக்கு முன்னால் பிரிக்க முடியாது என்பதுதான். மாமனார் இப்போதே பார்த்தாக வேண்டும் என்றார். பாய் மறுத்தார். கல்யாணமே நிற்கும் என்றார் மாமனார். நின்றாலும் சனி சனிதான் என்றார் பாய். அப்புறம் குனிந்தவர் அந்த மூலையைப் பார்த்துவிட்டார். மஞ்சள் தண்ணீர் உள்ளே கசிந்திருந்தது.

“நகம் வெச்சியா?”

தலை குனிந்தேன்.

“ஓரம் வுட்டுப்போச்சு அண்ணே,” என்றார் மாமனாரிடம். “இனிமே மூடி வெச்சாதான் தப்பு. வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க.”

மேல்நோக்கி இழுக்கவில்லை. தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே, பிளாஸ்திரியைத் தோலோடு படுக்கையாக, ரப்பரை நீட்டுவது போல நீட்டி நீட்டி விடுவித்தார். கறுப்புத் தண்ணீர் வழிந்து முற்றத்தில் ஓடியது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். சோப்பு நுரை, மறுபடி தண்ணீர்.

மாமனார் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் குரல்தான் கேட்டது. “வ... ள... ர்... மதி.”

கண்ணைத் திறந்தேன். அச்சுக் கோத்த மாதிரி இருந்தாள். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரோ என்று பயந்தேன்.

“படிச்ச கொசுதான் மாப்ள,” என்றார். அதன் பிறகு அவரால் நிற்க முடியவில்லை, மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அத்தைகள் சிரித்தார்கள். என்னை ஜெராக்ஸ் மெஷின் சுட்ட கதையை அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டு தனியாகச் சிரித்தாள்.

பாய் மட்டும் சிரிக்காமல் கை கழுவிக்கொண்டிருந்தார். நனையாமல் இருக்கச் சட்டைக் கையை மடித்திருந்தார். இடது முன்கையில் வரிசையாக மூன்று கட்டம், முடியே இல்லாமல். முதல் கட்டம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது சுத்தமாக இருந்தது.

“இன்னா பாய் இது?”

அவசரமாகக் கையை இறக்கிவிட்டார். “உனக்கு ஒட்டின அன்னிக்கே எனக்கும் மூணு ஒட்டிக்கினேன். நாளுக்கு ஒண்ணா பிரிச்சிப் பார்த்தேன். நானும் இத்த இதுக்கு முன்னாடி ஒட்டினதில்லபா. உன் தோலோட பேரும் பிச்சிக்கினு வந்துட்டா, அந்தப் பொண்ணு மூஞ்சில நான் எப்பிடி முயிப்பேன்?”

எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் எல்லாப் படத்திலும் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். ஒரு குரூப் போட்டோவின் ஓரத்தில், சித்திரை வெயிலில், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு பாய் நிற்கிறார். வளர்மதி எப்போது ஆல்பத்தைத் திறந்தாலும் முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போவாள். நானும் முதலில் பார்ப்பது அந்தச் சட்டைக் கையைத்தான்.