மூடிமேல் உட்கார்ந்த நாடு

குழல்நாட்டில் அடுப்பெரிக்க விறகு கிடையாது. மலையடிவார உலைகளில் பிறக்கும் வாயு ஒரு பெரிய இரும்புக் குழாய் வழியாகத் தெருத் தெருவாக வரும். எப்போதாவது உள்ளே பொறி விழுந்து வாயு பற்றிக்கொள்ளும். அதற்காகவே குழாயைக் கட்டியவர்கள் தெருவுக்கொரு மெல்லிய தகர மூடி வைத்திருந்தார்கள். மூடி 'டமார்' என்று பறக்கும், நெருப்பு வானத்துக்குப் போகும், குழாய் பிழைக்கும். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வேறு தகரம் மாட்டுவார்கள்.

புது மன்னருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

"வெடிப்பது வாயு அன்று மன்னா, ஜனங்களின் அதிருப்தி" என்றார் அமைதித்துறை அமைச்சர் தாண்டவராயர்.

தகரம் போய்க் கனத்த இரும்பு மூடி வந்தது. அதுவும் ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டது. உடனே எல்லா மூடியிலும் மன்னரின் முகம் பொறிக்கப்பட்டது. இனி மூடி பறந்தால் ராஜதுரோகம். பயந்துபோன ஜனங்கள், தெருவுக்கு ஓர் ஆளை மூடிமேல் உட்கார வைத்தார்கள். அமைச்சர் அதையே சட்டமாக்கினார்.

சுண்ணாம்புக்காரத் தெருவில் மாசிலாமணியை உட்கார வைத்தார்கள். பார்வையிட வந்த அமைச்சரை அவன் மனைவி பூரணம் மறித்தாள்.

"ஐயா, இரும்பு கொதிக்குது. எம் புருஷன எறக்கி விடுங்க."

"அது கொதிப்பு அன்று அம்மா. அரசின் அரவணைப்பு."

"அப்ப நீங்க செத்த நேரம் ஏறி அரவணைச்சுக்குங்களேன்."

காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேலிருந்து மாசிலாமணி கத்தினான். "அடியே, வம்பு பண்ணாத! ஆனா கீழ என்னமோ உறுமுதுடி. நெசமாத்தான் சொல்றேன்."

உறுமல் மன்னர் காதுக்கும் எட்டியது. ஜனங்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று அரண்மனை மூடிமேல் சிம்மாசனத்தைப் போடச் சொல்லி அமர்ந்தார். நாடு அமைதியானதைக் கொண்டாட, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டவும் உத்தரவிட்டார்.

அடுப்புகள் எரிந்தன. எங்கோ ஓர் அடுப்பின் தீ உள்ளே புகுந்து குழாய் நடுங்கியது. பூரணம் ஏறிப் புருஷன் காலைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்காதே! மூடி பறந்துவிடும்!" என்று காவலன் அலறினான்.

"பறக்கட்டும். பறக்கத்தானய்யா வச்சாங்க?"

இருவரும் மண்ணில் உருண்டார்கள். டமார்! நெருப்பு வானத்துக்குப் போனது. தெருவுக்கு ஒரு சேதமும் இல்லை. அதைப் பார்த்த அடுத்த தெருக்காரன் குதித்தான். அதற்கடுத்தவனும் குதித்தான். டமார் சத்தம் தெருத் தெருவாக அரண்மனையை நோக்கி நடந்தது.

மன்னரை இறங்கச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அமைச்சரே, அது என்ன சத்தம்? கிட்ட வருகிறதே?" என்று மன்னர் ஆவலோடு கேட்டார்.

"வாழ்த்தொலி மன்னா" என்ற தாண்டவராயர், வாசலை நோக்கி மெல்லப் பின்வாங்கினார். "நன்றாக அழுந்தி உட்காருங்கள்."