பொடிசைத் திரும்ப அழைத்துக்கொள்ளக் கோரி

அன்புத் தங்கைக்கு,

இங்கே மனிதர்கள் இருவரும் நலம். பூனைகள் மூன்றின் நலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் நலமாகவே இருப்பீர்கள். பொடிசை எங்களிடம் தள்ளிவிட்ட பிறகு உங்களுக்கு என்ன குறை?

நீ அந்தக் குட்டியைக் கூடையோடு கொண்டுவந்து விட்டு இன்றோடு பதினோரு நாள். வந்த அன்றே, மாலை நான்கு பத்துக்கு, சோபாவிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த மூத்தவளின் வாலைக் கடித்தது. மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. வாலைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டாள். உடனே காதைக் கடித்தது. நான்கு பதினைந்துக்குச் சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியவள்தான், அப்புறம் கீழே இறங்குவது சாப்பாட்டுத் தட்டுக்கும், ஒன்று இரண்டு போகும் மண்பெட்டிக்கும் மட்டும். அதற்கும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பதுங்கியிருந்து பொடிசு பாய்ந்துவிடும். அடுத்த பூனை தடியன் எட்டுக் கிலோ இருக்கிறான், அவனாவது ஒரு அறை கொடுத்து அடக்குவான் என்று பார்த்தோம். அவன் வாஷிங் மெஷினுக்குள் குடியேறிவிட்டான். துணி போடுவதற்கு முன்னால் உன் அண்ணி, "வெளிய வாடா ராஜா, அது தூங்குது" என்று கால் மணி நேரம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஐந்தாம் நாள் மூத்தவள் சாப்பாட்டைத் தொடவே இல்லை. உன் அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இவ ஒழுங்கா சாப்பிடலைன்னா அந்தக் குட்டி கிளம்பணும், சொல்லிட்டேன்" என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. குறிப்பெடுத்தேன். நேரம், இடம், யார் பாய்ந்தது, யார் சீறியது, எல்லாம். "எழுதினது போதும், போய்ப் பிரிச்சு விடுங்களேன்!" என்று அவள் கத்துவாள். "நிருபர் சம்பவத்துல கைவைக்கக் கூடாதும்மா" என்பேன். "சம்பவமா? இது நம்ம வீட்டு ஹால்ங்க!" என்பாள்.

ஆறாம் நாள் மூத்தவளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பூனை டாக்டரம்மாவிடம் போனோம். மூத்தவளைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். பிறகு நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"நாப்பத்தி மூணு சண்டை. ஒண்ணுலகூட நீங்க பிரிச்சு விட்டதா இல்லையே சார்?"

"ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும் டாக்டர்."

அவர் உன் அண்ணியிடம் திரும்பினார். "இவர் ரிட்டயர் ஆகி எவ்வளவு நாளாச்சும்மா?"

"எட்டு மாசம். எட்டு வருஷம் மாதிரி இருக்கு."

அது பகையல்ல, விளையாட்டு என்று டாக்டரம்மா விளக்கினார். சாப்பாட்டுக்கு முன்னால் குட்டியை ஓடவிட்டுக் களைக்கவைக்க வேண்டும்; கையைக் காட்டி விளையாடக் கூடாது; அது பின்பக்கத்தை ஆட்டிப் பாயத் தயாரானால் உடனே பந்தை வேறு பக்கம் உருட்ட வேண்டும்; பெரிய பூனைகள் சாப்பிடும்போது குட்டியைத் தனி அறையில் வைக்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, பழைய பைஜாமா நாடாவில் ஒரு இறகைக் கட்டி, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. பொடிசு களைத்துப் படுத்தால் மூத்தவள் இறங்கிவந்து சாப்பிடுகிறாள். ஆனால் அதன் களைப்பு பத்து நிமிடம், என் களைப்பு மறுநாள் வரை. அவள் பாதித் தட்டைக் காலிசெய்வதற்குள் அது தனி அறைக் கதவைப் பிறாண்டுகிறது, அந்தச் சத்தத்திலேயே அவள் மறுபடி மேலே ஏறிவிடுகிறாள். நேற்று நாடா காலில் சிக்கி நான் விழுந்தபோது, என் முதுகின் மேல் ஏறி நின்று இறகைப் பிடித்தது. உன் அண்ணி சிரித்த சிரிப்பில் தடியனே மெஷினிலிருந்து எட்டிப் பார்த்தான்.

ஆகவே யோசித்து, ஆற அமர முடிவெடுத்து எழுதுகிறேன். ஞாயிறு காலை வந்து பொடிசை அழைத்துக்கொண்டு போ. கோபம் இல்லை. மூத்தவள் முழுத் தட்டு சாப்பிட வேண்டும், நான் ஒரு வேளையாவது உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கடிபடாத விரல்களோடு நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது உன் அண்ணி டாக்டரம்மாவிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். பொடிசுக்கு வேண்டியது அதன் வயதில் இன்னொன்றாம். இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பெரியவர்களை விட்டுவிடுமாம். அதனால் பொடிசோடு பிறந்ததில் உன்னிடம் மிச்சமிருக்கும் கறுப்புக்குட்டியையும் கொண்டுவந்து விடு. மேலே எழுதியதில் ஞாயிறு காலை என்பது மட்டும் சரி.