பூட்டு முசியேயின் ஒரே கேள்வி

அவசரத்தில் ஓடி வருகிறவனைக் குறுக்கு விசாரணை செய்த பூட்டுக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பலில் இருந்தார். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்யும் சேலைக்கடைக்குப் பக்கத்துக் கடை. சொந்தப் பெயர் என்னவோ, தமிழ்ச் சனத்துக்கு அவர் பூட்டு முசியே, அதாவது பூட்டு ஐயா.

முசியே யூதர். தலையில் சின்னத் தொப்பி, சட்டைப் பையில் திருப்புளி, மேசையில் தலையணை மொத்தத்தில் ஒரு மதச் சட்ட நூல். காலையில் அதைப் படித்து முடித்த பிறகுதான் கடை திறக்கும். தனியாகப் படிக்கக் கூடாதாம், ஜோடி வேண்டுமாம். ஜோடியாக ஒரு கிழவர் வருவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மேசையில் குத்திக் குத்திக் கத்துவார்கள். முதல் நாள் நான் பொலிசைக் கூப்பிடப் போய்விட்டேன்.

அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் ஒரே கேள்விதான். எங்கள் சனத்திடம் பொறுக்கிய தமிழிலேயே கேட்பார்: "வேறை ஆள் இல்லையோ?"

வேறு யாராவது செய்யக்கூடிய உதவி என்றால் படிப்பு நிற்காது. தன்னை விட்டால் ஆளில்லை என்றால் நூலை மூடியே ஆக வேண்டும். அதுதான் சட்டமாம். சோம்பேறிக்கு வசதியான சட்டம் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை, எங்கள் ஷட்டர் பூட்டுக்குள் சாவி முறிந்தது. உள்ளே அன்றைய கல்யாணத்துக் கூறைச்சேலை. அதை எடுக்க புறநகர் எபினேயிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பன் பட்டுவேட்டியோடு வாசலில் தவித்தார்.

"தம்பி, முகூர்த்தம் போகப்போகுது! ஏதாவது செய்யும்!"

ஓடிப்போய்த் தட்டினேன்.

"வேறை ஆள் இல்லையோ?"

"மூலைக்கடைப் பூட்டுக்காரன் இருக்கிறான், முசியே."

"கேட்டுப் பாருங்கோ."

மூலைக்கடை பூட்டிக் கிடந்தது. திரும்பி ஓடிவந்து, "ஒருத்தரும் இல்லை!" என்று அலறினேன். அந்தக் கணமே நூலை மூடி, முத்தமிட்டு, பெட்டியோடு பாய்ந்து வந்தார் முசியே.

ஜோடிக் கிழவர் விடுவாரா? நூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, விட்ட இடத்தில் தொடங்கினார். முசியே குந்தியிருந்து பூட்டைக் குடைந்தபடியே திருப்பிக் கத்தினார்.

தகப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏன் சண்டை பிடிக்கினம்? திறக்கேலாதாமோ?"

"இல்லை ஐயா. ஒருத்தன்ரை மாடு இன்னொருத்தன்ரை மாட்டை முட்டிப்போட்டுதாம். நட்டத்தை ஆர் குடுக்கிறது எண்டு வழக்கு."

"எப்ப முட்டினது?"

"ரெண்டாயிரம் வருசமிருக்கும்."

"இன்னும் தீரேல்லையோ!"

ஷட்டர் திறந்தது. கூறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய மனிதர், பாதி வழியில் திரும்பி, "முட்டின மாட்டுக்காரன்தான் குடுக்கோணும்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓடினார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதை வைத்து மறுபடி கத்தத் தொடங்கினார்கள். அங்கே தாலி நேரத்துக்கு ஏறியது.

பிறகொரு நாள் முசியே கடையை விட்டுவிட்டு மகளோடு தெற்கே போய்விட்டார். அவருடைய கடையில் இப்போது கைபேசி விற்கிறார்கள். எங்கள் ஷட்டர் இன்னும் அடம்பிடிக்கிறது. கூப்பிட்டால் பூட்டுக்காரர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் வருகிறார்கள், திறக்கிறார்கள், போகிறார்கள். எனக்குத்தான் அந்தக் கேள்வியை அவர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

இல்லை முசியே, வேறு ஆள் இல்லை.