வாளி சேர் தேர்ந்தெடுத்த புத்தகம்

தண்ணீரை ஒரு துளிகூட நம்பாமல், தண்ணீரைப் பற்றியே ஆயுள் முழுக்கப் பாடம் நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வாளி சேர், வாளி வாத்தியார். மட்டக்களப்பில் நான் நூலகராக இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் புளூயிட் மெக்கானிக்ஸ் படிப்பித்தார். அதாவது தண்ணீர் எப்படி ஓடும், எப்படி அழுத்தும் என்கிற பாடம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேகமே இல்லாத சித்திரை வெயிலிலும் குடை பிடிப்பார். குடிக்கிற தண்ணீரையும் ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

சைக்கிள் ஹாண்டிலில் எந்நேரமும் ஒரு பச்சை வாளி தொங்கும். அதன் பக்கத்தில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று ஓட்டைகள். ஒருநாள் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து, "ஐயா, ஓட்டை வாளி எதுக்கு?" என்று தெரிந்த தமிழில் கேட்டார். வேறு யாராவது என்றால் ஒட்டக் கொண்டுபோகிறேன் என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். இவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"தம்பி, தண்ணி ஊத்தினா மூண்டாலயும் பாயும். எது கூடத் தூரம் போகும்? செல்லுங்க பாப்பம்."

ஆமிக்காரர் அடி ஓட்டையைக் காட்டினார். தண்ணீர் வந்தது. வாளியை நிலத்தில் வைத்து, குறையக் குறைய ஊற்றும் வேலையையும் அவரிடமே கொடுத்தார் சேர். அடியில் பாய்ந்தது வேகமாய்த்தான் வந்தது, ஆனால் உடனே நிலத்தில் விழுந்துவிட்டது. நடு ஓட்டைதான் எல்லாவற்றையும் தாண்டிப் போனது. நம்பாத இன்னொருவர் வந்து திரும்பவும் ஊற்றினார். பின்னால் மறிபட்டு நின்ற பஸ்ஸில் நானும் இருந்தேன். எங்கள் கொண்டக்டரும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் அவரை ஒருவரும் சோதித்ததில்லை. "நடு ஓட்டை, போங்க!" என்று கை காட்டி அனுப்பிவிடுவார்கள்.

சுனாமியில் கடல் எங்கள் நூலகத்துக்குள்ளும் வந்து போனது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சேரின் பாடத்தில் ஒரு புத்தகமும் மிஞ்சவில்லை. சில மாதம் கழித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கை கொடுத்தது. ஐந்து புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரிப் பிரதி அனுப்பி, எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் அதில் நாற்பது தருவதாகச் சொன்னது. தவறினால் அந்த நாற்பதும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்லூரி அதிபர் வாளி சேரிடம் கொடுத்தார். திங்கள் காலை சேர் ஐந்தையும் மேசையில் பரப்பி, நேரே ஓட்டை வாளிப் படம் இருக்கும் பக்கத்துக்குப் போனார். இரண்டு புத்தகத்தில் அடி ஓட்டைத் தண்ணீரே அதிக தூரம் பாய்வதாகப் படம் போட்டிருந்தது.

"எழுதினவர் ஒரு நாளும் வாளியில தண்ணி ஊத்திப் பாக்கல்ல" என்று இரண்டையும் ஒதுக்கினார். இதுவரை எனக்கும் சந்தோஷம்தான்.

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நூலகத்தில் தரை துடைக்கும் வாளித் தண்ணீருக்குள் மீதி மூன்று புத்தகமும் மூழ்கிக் கிடக்கின்றன. ஓட்டை இல்லாத வாளியாகத் தேடி எடுத்திருக்கிறார்.

"ஐயோ சேர்! அது மாதிரிப் பிரதியெல்லோ!"

"ஏன் புள்ள கத்துறாய்? மாதிரி பாக்கத்தானே தந்தவங்க."

மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே காயவைத்தோம். அதிபர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் கதவை மறித்து நின்று பேச்சுக் கொடுத்தேன். வியாழக்கிழமை பார்த்தால், வழவழப்புத் தாளில் வண்ணப்படங்களோடு வந்த இரண்டும் செங்கல்லாக இறுகியிருந்தன. கத்தி விட்டாலும் பிரியாது. சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட மூன்றாவது புத்தகம் ஊதிப் பெருத்திருந்தது. ஆனால் பக்கம் பக்கமாய்த் திறந்தது.

"இதுதான்" என்றார்.

படிவத்தில் 'தேர்ந்தெடுத்த காரணம்' என்ற இடத்தில், 'நனைந்தாலும் திறக்கும்' என்று எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"சேர், இதப் பாத்தா அவங்க சிரிப்பாங்க. நாப்பது புத்தகமும் போயிரும். உங்கட பகிடிக்குப் பிள்ளைகளா பலி?"

அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். அதுவும் செங்கல்தான். விளிம்பில் மண் இருந்தது.

"சுகந்திய ஞாபகம் இரிக்கா? கடற்கரைப் பக்கத்துப் புள்ள. சுனாமி வந்த மார்கழி லீவுக்கு என்ட புத்தகத்தக் கொண்டு போனவள். 'விளங்காத இடத்தில பென்சிலால கேள்வி எழுதி வெக்கிறன் சேர், லீவு முடிய செல்லித் தாங்க' எண்டவள். தாய்தான் இதக் கொண்டந்து தந்த. பிள்ளை இல்ல, புத்தகம் வந்திரிக்கி."

விளிம்பு மண்ணை விரலால் தட்டிவிட்டு, "பென்சில் தண்ணியில கரையா. எழுதினது உள்ளுக்குத்தான் கிடக்கு. என்ன கேட்டவள் எண்டு பாக்க ஏலாமக் கிடக்கு" என்றார்.

நான் பேசியதை நினைத்து வெட்கப்பட்டேன். அன்று பின்னேரமே புதுப் படிவம் எடுத்து, 'படம் சரி, நடை எளிது, பயிற்சிகள் அதிகம்' என்று எழுதி அதிபரிடம் கையெழுத்து வாங்கினேன். மூன்றும் உண்மைதான், அவர் வாளியில் போடும் முன்பே நான் படித்துப் பார்த்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடிதம் போனது. நாற்பதும் வந்து சேர்ந்தன.

'புத்தகத்தில் எழுதாதீர்கள்' என்று சுவரில் பலகை மாட்டி, மீறுகிற பிள்ளைகளை விரட்டித் திரிந்தவள் நான். அந்த நாற்பது புத்தகத்துக்கு மட்டும் சட்டத்தை மாற்றினேன். விளங்காத இடத்தில் எழுதலாம், ஆனால் பென்சிலால் மட்டும்.

யுத்தம் முடிந்த வருடம் சேர் ஓய்வு பெற்று மண்டூருக்குப் போனார். தண்ணீரை நம்பாத மனிதருக்கு வாய்த்த ஊர், பெரிய ஏரிபோல் கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில். ஒவ்வொரு படிப்புத் தவணை முடிவிலும் கேள்விகள் எழுதப்பட்ட புத்தகங்களைச் சேர்த்து, தெரிந்தவர் கையில் படகில் அவருக்கு அனுப்புகிறேன். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் பென்சிலில் பதில் எழுதி, ஒரு கிழமைக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்.

நனைந்தாலும் அவை திறக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படகில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டித்தான் விடுகிறேன்.