ஏன் சாரும், அவர் மாப்பிள்ளையும், என் பதினொரு லாரியும்

நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மாடம்பாக்கத்தில் ஒரு விவசாயக் கிணறு, ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டி, ரெண்டு நீல டிரம். இவ்வளவுதான் ஆரம்பம். இன்றைக்குப் பதினொரு தண்ணி லாரி. லாரி ஓட்டத் தெரியாமலே முதல் லாரியை வாங்கி, அந்த லாரியிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் இருக்கிற மாடி வீட்டுக்கு இஞ்சினியர் கிடையாது. ஈர மணலில் குச்சியால் நானே வரைந்த பிளான். கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் பார்க்கிற மெஷின் என்று எங்கள் ஏரியா நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே என் ஆபீசில் கம்ப்யூட்டர் வைத்தவன்.

இத்தனையும் கட்டின என்னை ஒரே ஒரு வார்த்தையால் ஆட்டி வைத்தவர் ஒருத்தர் உண்டு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். அந்த வார்த்தை, "ஏன்?"

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வாடகைப் பத்திரத்தில் கூட எழுதியிருக்கிறது. ஆனால் எங்கள் லாரி டிரைவர்களிலிருந்து எங்கள் வீட்டம்மா வரைக்கும் அவரை ஏன் சார் என்றுதான் சொல்வோம்.

மாடி போர்ஷனைப் பார்க்க வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். படியேறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். திரும்ப இறங்கினார். திரும்ப ஏறினார்.

"அண்ணா, மூணாவது படி மட்டும் ஏன் ஒரு இன்ச் உயரமா இருக்கு?"

வீடு கட்டி இருபது வருஷமாச்சு. வந்தவன் போனவன் எல்லாம் அந்தப் படியில் கால் தட்டித்தான் மேலே போயிருக்கிறான். ஒருத்தன் கேட்டதில்லை. நான், "அது ஒரு ஸ்டைல் சார்" என்றேன். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து பார்த்து, "ஒண்ணேகால் இன்ச்" என்றார். வில்லங்கம் குடிவருகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அவர் வேலை என்னவென்றால், வெளிநாட்டுக் கம்பெனிகளின் கிழட்டு புரோகிராம்களைப் புதுசாக்குவது. வீட்டிலிருந்தே வேலை. துணைக்கு, கேட்ட கேள்விக்கு மனுஷன் மாதிரியே பதில் சொல்கிறதே, அந்த ஏ.ஐ. மற்றவர்கள் அதற்கு டைப் அடிப்பார்கள். இவர் வாயாலேயே பேசுவார். அது ரேடியோ செய்தி மாதிரி சுத்தத் தமிழில் பதில் சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"ஏன் சார் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவரைப் பார்த்து நான் "ஏன்" என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"புது மாப்பிள்ளை மாதிரிதான் அண்ணா இது. எதைக் கேட்டாலும் தெரியலைன்னு வாயில வராது. மரியாதை குறைச்சலா பேசவே பேசாது. நாம கொஞ்சம் முறைச்சா உடனே மன்னிப்பு கேட்டுடும்."

இது எங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியாது. மாடியில் எப்போதும் ரெண்டு குரல். "சொல்லுங்க மாப்பிள்ளை", "அப்படியா மாப்பிள்ளை" என்று ஒரே உபசாரம். ஊரிலிருந்து பெண்ணோட வீட்டுக்காரர் வந்திருக்கிறார் போல என்று, பதினைந்து நாள் ரெண்டு காபி, ரெண்டு தட்டு பஜ்ஜி மேலே போனது. அவரும் வாங்கி வாங்கி ரெண்டையும் சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் அவளே, "மாப்ள கூச்ச சுபாவமோ? வெளியவே தலைகாட்டலயே" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. உடைந்தும் அவள் நிறுத்தவில்லை. பழகிவிட்டது.

இப்போது என் கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். எந்தத் தெருவுக்கு எந்த லாரி, எத்தனை மணிக்கு என்று சீட்டு அடித்துக் கொடுக்கிற புரோகிராம் என்னுடையது. கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்த மேரி டீச்சர் என் எதிரில் உட்கார்ந்து எழுதினது. நான் வாயால் சொல்லச் சொல்ல அவர்கள் அதைக் கம்ப்யூட்டர் பாஷையில் எழுதுவார்கள். இந்தத் தெருவில் சின்னப் பாலம், கல்வெர்ட், பலவீனம், பெரிய லாரி கூடாது. கோயில் பக்கத்து வாத்தியார் லாரி மேல் ஏறி டார்ச் அடித்துத் தண்ணி மட்டம் பார்ப்பார், இருபது நிமிஷம் கூடுதல். இப்படி என் தலையில் இருந்ததெல்லாம் அதில் இறங்கியது. சீட்டு சொன்னபடி டிரைவர் போவான். இருபத்திரண்டு வருஷம் மூச்சு விடாமல் ஓடியது.

போன ஏப்ரலில் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இரும ஆரம்பித்தது. ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். புதுக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய பாஷை புரியாது. மேரி டீச்சரும் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முழுக் கோடையும் இன்னும் பாக்கி, பதினொரு லாரி, நானூறு தெரு, சீட்டு அடிக்க ஆள் இல்லை. டை கட்டின ஒருத்தர் வந்து, "இதெல்லாம் குப்பைல போட்டுட்டு எங்க ஆப் வாங்கிக்கோங்க" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாடியிலிருந்து ஏன் சார் இறங்கி வந்தார். "நான் பார்க்கட்டுமா அண்ணா?" அவர் ஏன் என்று கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

மாப்பிள்ளையைக் குறை சொல்லக்கூடாது. மேரி டீச்சர் எழுதின ஆயிரக்கணக்கான வரியை மடமடவென்று படித்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று சொல்லி, புதுப் பாஷையில் மாற்றிக் கொடுத்தது. ஏன் செய்கிறது என்று கேட்டால்தான் தகராறு. உதாரணத்துக்கு ஒன்று. ஆறாம் நம்பர் லாரி செம்பாக்கத்தில் ஒரு தெருவுக்கு மட்டும் போகக்கூடாது என்று ஒரு வரி.

"வாகனத்தின் அகலம் காரணமாக இருக்கலாம்" என்றது மாப்பிள்ளை.

"நேர்ல பார்த்தீங்களா மாப்பிள்ளை?"

"மன்னிக்கவும். நான் நேரில் பார்க்கவில்லை. இது என் ஊகம்தான்."

ஏன் சார் விடவில்லை. ஆறாம் நம்பரின் பழைய டிரைவர் கன்னியப்பன் இப்போது சேலையூரில் இளநீர் விற்கிறான். அவனைத் தேடிப்பிடித்துக் கேட்டார்.

"அந்தத் தெருல என் மாமியார் வூடு கீது சார்" என்றானாம் கன்னியப்பன். "ஒரு தபா லோடோட போனேன். மாப்ள லாரி கொணாந்துகீறாருன்னு அண்டா குண்டானெல்லாம் தூக்கினு வந்து பூரா டேங்கரையும் காலி பண்ட்டாங்க. அப்பால மொதலாளி கைல சொல்லி நிறுத்திட்டேன்."

ஏன் சார் திரும்பி வந்து அந்த வரியை எடுத்தார். "காரணம் தெரிஞ்சுபோச்சு. கன்னியப்பனும் ரிட்டயர்டு. இனிமே இது வேண்டாம்." அதுதான் அவர் சட்டம். ஒரு வரி ஏன் இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தூக்கக்கூடாது. இப்படி ஒவ்வொரு வரிக்கும் படியிறங்கி வந்து என் பிராணனை வாங்குவார். நான் குளித்துக்கொண்டிருந்தால் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

மே நடுவில் பழைய பெட்டி ஒரேயடியாகக் கண்ணை மூடியது. அன்றைக்கே புதுசு ஓட ஆரம்பித்தது. முதல் சீட்டு கையில் வந்தபோது நான் அழுதேன் என்று டிரைவர்கள் சொல்வது பொய். ஏசி காற்று கண்ணில் பட்டது.

எல்லாம் சரி, ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம். குளக்கரைத் தெருவுக்கு மூன்றரையிலிருந்து நாலேகால் மணி வரை சீட்டு கிடையாது. எந்த லாரிக்கும் கிடையாது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். அந்தத் தெருவிலோ இப்போது பெரிய அடுக்குமாடி வந்துவிட்டது. தரைக்கு அடியில் இருக்கிற அவர்கள் சம்ப்பு மூன்று மணிக்கே காலி. தினமும் போன்.

"டிரைவர்கள் ஓய்வு நேரமாக இருக்கலாம். இந்த வரியை நீக்கினால் கூடுதல் நடைகள் கிடைக்கும்" என்றது மாப்பிள்ளை.

"பார்த்தீங்களா? மெஷினே சொல்லுது. தூக்குங்க சார்" என்றேன்.

"ஏன்னு தெரியலையே அண்ணா."

மே மாத வெயிலில் மூன்று நாள் அந்தத் தெருவில் போய் மூன்றரை மணிக்கு நின்றார். ஒரு நாய் தூங்கியதாம். ஒரு பூட்டின இரும்புக் கேட் இருந்ததாம். வேறு ஒன்றும் இல்லை.

"அப்போ தூக்குங்க!"

"மூணு நாள் பார்த்தா போதுமா அண்ணா? மேரி டீச்சர் காரணம் இல்லாம ஒரு வரி எழுதலையே."

எனக்கு வந்ததே கோபம். "லாரி என்னுது, புரோகிராம் என்னுது, நீங்க இருக்கிற மாடியும் என்னுது. தூக்கறீங்களா, இல்ல வீட்டைக் காலி பண்றீங்களா?"

"காலி பண்றேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மூணாவது படியில் கால் தட்டியது.

ஜூன் மாதம் வந்தது. அடுக்குமாடிக்காரர்கள் ஆபீசுக்கே வந்து சத்தம் போட்டார்கள். கம்ப்யூட்டர் சீட்டு கொடுக்காவிட்டால் என்ன, எனக்குக் கை இல்லையா? மூன்றரை மணிக்குக் குளக்கரைத் தெரு என்று நானே சீட்டு எழுதி, பெரிய லாரியைக் கொடுத்து டிரைவர் சேகரை அனுப்பினேன்.

அதே நேரத்தில் எங்கள் வீட்டம்மா வழக்கம்போல் ரெண்டு காபியோடு மாடிக்குப் போயிருக்கிறாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம், "பொறுமையா சாமான் ஏத்துங்க சார். இன்னிக்கு ஸ்கூல் வேற திறந்துட்டாங்க, ரோடு பூரா ஒரே வேன். நம்ம பெரிய லாரியும் இப்பதான் குளக்கரைத் தெருவுக்குப் போச்சு" என்றிருக்கிறாள். அவர் அப்படியே நின்றாராம். "அந்த கேட்" என்றாராம். ரெண்டு காபியையும் வைத்த இடத்தில் விட்டுவிட்டு, செருப்பு கூட இல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு சேகரிடமிருந்து போன். "மொதலாளி, நம்ம மாடி வூட்டு சார் வண்டிக்குக் குறுக்கால நின்னுகினு கீறாரு. ஹாரன் அட்ச்சாலும் நவுர மாட்றாரு. இன்னா பண்றது?"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காக நானே போனேன். தெரு முனையில் லாரி. அதற்கு முன்னால் வெறுங்காலோடு, ரெண்டு கையையும் விரித்து, தார் ரோட்டுச் சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஏன் சார்.

"சார், உங்களுக்குப் பைத்தியமா..." என்று நான் ஆரம்பித்தேன்.

மணி அடித்தது.

அந்த இரும்புக் கேட் திறந்தது. பள்ளிக்கூடத்தின் பின்வாசல். சைக்கிள், சைக்கிள், சைக்கிள். மழைத் தண்ணி மாதிரி தெரு முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தருக்கும் முன்னே பார்க்கிற வழக்கம் இல்லை. லாரிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், டயருக்கு ஒரு சாண் தள்ளி. சேகர் இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தான்.

எனக்கு எல்லாம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே இடம். நான்தான் ஓட்டினேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்ன சைக்கிள். அதில் வந்த பள்ளிக்கூடப் பெண் எப்படியோ தள்ளி விழுந்து, புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கீறல் இல்லை. அவள் அப்பா ஒரு கொத்தனார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நசுங்கின சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பெல் அடிக்கிற நேரத்துல உங்க வண்டி இந்தத் தெருவுக்கு வேணாம்ணா" என்றார். அவ்வளவுதான். வராது என்று கையில் அடித்துச் சொன்னேன். மறுநாளே மேரி டீச்சரை எழுத வைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன், அதை மறந்துவிட்டேன். அந்த ஒரு வரி மறக்கவில்லை. இத்தனை வருஷமும் என் வாக்கை எனக்காக அது காப்பாற்றியிருக்கிறது.

தெரு காலியானதும் ஏன் சார் கையை இறக்கினார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "காரணம் தெரிஞ்சுபோச்சு அண்ணா. இது இருக்கட்டும்" என்றார். நான் என் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தேன். லாரி ரிவர்ஸில் போனது.

சாயந்திரம் மாடிக்குப் போய், கட்டின பெட்டியை நானே பிரித்தேன். ஏன் சார் மாப்பிள்ளையிடமும் விஷயத்தைச் சொன்னார். "முக்கியமான தகவல். நான் தவறாக ஊகித்தேன். இந்தக் காரணத்தை அந்த வரியின் அருகிலேயே எழுதிவைக்கலாமா?" என்று கேட்டது. நல்ல யோசனை. மரியாதையுள்ள மாப்பிள்ளை.

அதற்கப்புறம் ஆறு மாதம்தான். வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும் என்று கம்பெனி அவரை பெங்களூருக்குக் கூப்பிட்டுவிட்டது. எங்கள் வீட்டம்மா இப்போதும் கைப்பழக்கத்தில் சில நாள் நாலு காபி போட்டுவிட்டு, ரெண்டை வைத்துக்கொண்டு முழிப்பாள்.

இந்தக் கோடையிலும் புரோகிராம் ஜம்மென்று ஓடுகிறது. என் பேரனை விட்டு அதைத் திறந்து படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. "குளக்கரைத் தெரு: பள்ளியின் பின்வாசல். யாராவது சரிபார்ப்பதானால் மே மாதத்தில் பார்க்காதீர்கள்." தலைப்பில் இப்படி: முதலில் எழுதியவர் மேரி டீச்சர். மாற்றி எழுதியவர் மாடி போர்ஷன். உதவி மாப்பிள்ளை.

என் பெயர் எங்கே சார்? லாரி யாருடையது? தெருத்தெருவாகப் போய்த் தெரிந்துகொண்டது யார்? மேரி டீச்சருக்கு வரி வரியாகச் சொன்ன வாய் யாருடையது? நீங்கள் கேட்ட அத்தனை ஏனுக்கும் பதில் எங்கிருந்து வந்தது? மெஷினுக்குக் கூட ஒரு வரி கொடுத்தீர்கள். எனக்கும் ஒரு வரி வேண்டும். என் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும். அதையும் அங்கிருந்தபடியே தட்டிவிடக்கூடாது. என் எதிரில் உட்கார்ந்து, நான் பார்க்கப் பார்க்கப் போடவேண்டும். மாடியை இன்னும் யாருக்கும் விடவில்லை. மூணாவது படியையும் இடிக்கவில்லை; பார்த்து ஏறுங்கள்.